குழந்தையின் வாயில் வெள்ளைப் படலமா? சுரண்டாதீர்கள்... தேனும் வேண்டாம்!

பச்சைக் குழந்தையின் வாயில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் முதலில் நீள்வது பாட்டியின் விரல்தான். ''நாக்குல மாவு கட்டியிருக்கு. துணியைச் சுத்தித் தேய்ச்சு எடுத்துடு, இல்லேன்னா புள்ள பால் குடிக்காது.'' பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்துக் கிராமங்களில் மட்டுமல்ல, பிள்ளை பெற்ற எந்தத் தாய்வீட்டிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். பாட்டி கவனித்தது சரி. செய்யச் சொல்வதுதான் சரியில்லை.

பால் குடித்த நாக்கில் வெள்ளை படிவது சகஜம். சுத்தமான ஈரத்துணியால் ஒருமுறை மெல்ல ஒற்றினால் அது வந்துவிடும். வராமல் ஒட்டிக்கொண்டு, கன்னத்தின் உட்புறம், ஈறு, மேல் அண்ணம் என்று தயிர்த்திட்டு போலப் பரவியிருந்தால் அது 'ஓரல் த்ரஷ்' என்கிற வாய்ப்பூஞ்சை. சித்த மருத்துவத்தில் 'அக்கரம்' என்பார்கள். இதைச் சுரண்டினால் அடியில் சிவந்து ரத்தம் கசியும். அந்தப் புண்தான் பிறகு குழந்தையைப் பால் குடிக்க விடாமல் அழவைக்கும்.

காரணம் 'கேண்டிடா' என்ற பூஞ்சை. பெரியவர்கள் பலரின் உடம்பிலும் அது சத்தமில்லாமல் இருக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி முழுதாக வளராத சிசுவிடம் அது தலைதூக்கிவிடுகிறது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றலாம். சிசேரியனுக்குப் பிறகு அம்மாவுக்கோ, சளிக்காகக் குழந்தைக்கோ ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தாலும் வரலாம். அம்மா சுத்தமாக இல்லை என்று மாமியார் வீட்டில் முணுமுணுக்க இதில் ஒன்றும் இல்லை.

அடுத்தது நாட்டு மருந்துக் கடை. வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. நகை பற்றவைக்கப் பொற்கொல்லர்கள் பயன்படுத்தும் அதே வெங்காரம்தான். இந்தக் கலவை நம் ஊரோடு நிற்கவில்லை. பிரிட்டனில் போராக்ஸும் தேனும் கலந்த மருந்தைச் சூப்பானில் தடவிக் கொடுத்ததில் ஏழு குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை 1983-ல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. போராக்ஸ் என்பது வெங்காரமேதான். தேன் மட்டும் என்றாலும் ஆபத்து உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனில் இருக்கக்கூடிய கிருமியால் 'பாட்டுலிசம்' என்ற தசைத்தளர்ச்சி நோய் வரலாம். 'பேர் சொல்லா மருந்து' என்று பெயர் வாங்கிய வசம்பையும் இதற்காக உரசித் தடவ வேண்டாம்.

சரி, மருந்து என்ன? பூஞ்சையைக் கொல்லும் நிஸ்டாட்டின் சொட்டு மருந்து அல்லது குளோட்ரிமசோல் வாய்ப்பூச்சு. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் ஒரு பால் பண்ணையின் மண்ணிலிருந்த நுண்ணுயிரிலிருந்து நிஸ்டாட்டினைப் பிரித்து 1950-ல் அறிவித்தார்கள். ஒருவர் நியூயார்க் நகரில், மற்றவர் ஆல்பனியில். மாதிரிகள் தபாலில் போய் வந்தன. கிடைத்த ராயல்டியை ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள்.

எந்த மருந்து, எத்தனை சொட்டு என்பதை மருத்துவர் சொல்லட்டும். மூத்த பிள்ளைக்கு வாங்கி மிச்சமிருக்கும் பாட்டிலை எடுக்காதீர்கள். ஜெல் வகை மருந்து நான்கு மாதம் நிரம்பாத குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். பழைய ஊதா மருந்தான ஜென்ஷியன் வயலட் பற்றிக் கனடா அரசு 2019-ல் புற்றுநோய் எச்சரிக்கையே விடுத்தது. பால் குடித்த பிறகு மருந்தைத் தடவினால்தான் வாயில் நிற்கும். வெள்ளை மறைந்த அன்றே நிறுத்திவிடாமல், மருத்துவர் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும்.

பல வீடுகளில் தவறவிடுவது அம்மாவை. குழந்தையின் வாயிலிருந்து பூஞ்சை மார்புக் காம்புக்கு வரும். அங்கிருந்து மறுபடி குழந்தைக்கே போகும். காம்பு சிவந்து எரிகிறதா, பால் கொடுத்த பிறகும் உள்ளே சுருக் சுருக்கென்று குத்துகிறதா? வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இருவருக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை நடந்தால்தான் தீரும். குழந்தையின் தொடையிடுக்கில் சிவந்த தடிப்பு இருந்தால் அதையும் காட்டுங்கள். தாய்ப்பாலை மட்டும் நிறுத்தவே வேண்டாம்.

மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பகுதி இது. அம்மா காட்டு வேலைக்குப் போனால் பாட்டி சங்கிலோ பாலாடையிலோ பால் புகட்டுவார். சங்கு, பாலாடை, பாட்டில் காம்பு எல்லாவற்றையும் தினமும் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுங்கள். சூப்பானைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடமே குழந்தையின் வாயைக் காட்டலாம். 104-க்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். ஒரு வாரம் மருந்து போட்டும் குறையவில்லை, திரும்பத் திரும்ப வருகிறது, எடை ஏறவில்லை என்றால் குழந்தைகள் நல மருத்துவரைப் பார்ப்பது அவசியம். பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு உடல்சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனை அல்லது அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எது பக்கமோ அங்கே உடனே கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108.