பாறைச் சறுக்குச் சட்டம்

பாறைச் சறுக்குச் சட்டம் அல்லது ராக் சிலைடர் என்பது கரடுமுரடான நிலத்தில் செல்லும் வண்டிகளின் கதவுகளுக்குக் கீழுள்ள பகுதியைப் பாறைகளில் இருந்து காக்கும் எஃகுக் குழாய் அமைப்பு ஆகும். வண்டி பாறையின் மீது இறங்கும்போது இது எடையைத் தாங்கிச் சறுக்கிச் செல்கிறது. ஏறுவதற்கான பக்கப்படி தோற்றத்தில் இதனை ஒத்திருப்பினும், பொதுவாக அச்சுமையைத் தாங்காது. வளைந்து கதவின் அடிப்பகுதியை நசுக்கக்கூடும்.

தேர்வு செய்தல்

பின்னர் வாங்கிப் பொருத்தும் சட்டங்களில் முதலில் கவனிக்க வேண்டியது இணைப்பிடமே. ஏணி வடிவ அடிச்சட்டம் கொண்ட வண்டிகளில் தாங்கிகள் அடிச்சட்டத்துடன் இணைய வேண்டும். மெல்லிய உடற்தகட்டுடன் மட்டும் அன்று. 1984 மாதிரி ஜீப் செரோக்கி போன்ற, தனி அடிச்சட்டம் இல்லாத வண்டிகளில் சுமை பல இடங்களுக்குப் பரவ வேண்டும்.

மரையாணியால் இணைத்தவற்றைக் கழற்றி மாற்றலாம். பற்றவைத்தவை உறுதியானவை, ஆனால் எளிதில் கழற்ற இயலாதவை. சட்டத்தில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கலாம் என்று தயாரிப்பாளர் அனுமதிப்பது அதன் வலிமைக்கு நல்ல அறிகுறியாகும்.