அப்பாவின் ஃபியட்

அப்பாவின் 1972 மாடல் ஃபியட்டுக்கு மாருதி இன்ஜின், தரையில் கியர், ஏ.ஸி. எல்லாம் போட்டு அசத்துவதாகத் திட்டம். மெக்கானிக்கும், "போட்டுரலாமுங்க!" என்று வெல்டிங் சகிதம் ரெடி.

அதற்குள் விதி என்னை அவிநாசி ரோட்டுக்கு இழுத்துப் போனது. 2015-ல் திறந்த ஜீடி கார் மியூசியம். தாத்தா காலத்துக் கார்கள் அன்றைய கோலத்திலேயே, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கின்றன!

மனசு கேட்காமல் விசாரித்தேன். 2021-ல் மத்திய அரசு போட்ட விதிப்படி, ஐம்பது வயதைத் தாண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிதாகக் கை வைக்காத வண்டிதான் 'வின்டேஜ்'. இன்ஜினை மாற்றினால் அந்தப் பட்டம் அம்பேல்! மாற்றாமல் பதிந்தாலோ, தினசரி ஓட்டக் கூடாது.

"ஆபீஸுக்கு எப்படிப்பா போறது?" என்றேன்.

ஸ்டீயரிங்கை ஒட்டிய கியரைத் தடவிக்கொண்டே அப்பா சொன்னார்: "பஸ்ஸுல போ கண்ணு."