சவப்பெட்டி சொன்ன சேதி

வீட்டோரம் கால்வாய் வெட்டும்போது மண்வெட்டியில் 'டங்'கென்று ஏதாவது தட்டுப்பட்டதுண்டா? நமக்கெல்லாம் உடைந்த ஓடுதான் அகப்படும். 1971இல் கொரியாவின் கோங்ஜு நகரில் ஒரு ராஜாவே அகப்பட்டார்!

அங்கிருந்த பழைய கல்லறை மேடுகளுக்குள் தண்ணீர் கசியாமலிருக்க வடிகால் தோண்டினார்கள். மண்வெட்டி செங்கல்லில் பட்டது. பார்த்தால், யாரும் அறியாத இன்னொரு கல்லறை! திருடன் கைபடாதது. உள்ளே காவலுக்கு ஒரு கல் மிருகம். எழுத்துப் பொறித்த இரண்டு கற்பலகைகள். அடக்கமாகியிருப்பவர் பெக்ஜே நாட்டு மன்னர் மூரியோங் என்பதும், 523இல், 62ஆம் வயதில் காலமானார் என்பதும் அதனால் தெரிந்தன. பலகையில் ஒரு நிலப் பத்திரமும் இருந்தது. மன்னரைப் புதைக்க மண்ணின் தெய்வங்களுக்குக் காசு கொடுத்து இடம் வாங்கினார்களாம். ராஜாவானாலும் மண்ணை இனாமாக எடுத்துக்கொள்ளவில்லை, பாருங்கள்.

மன்னர் கிடந்த பெட்டிதான் பெரிய சேதி சொன்னது. அதற்கு முன், கடல் தாண்டி ஜப்பானுக்குப் போய் வருவோம்.

ஜப்பானிலும் அந்தக் காலத்தில் பெரியவர்களைப் புதைத்து மேடு எழுப்பினார்கள். 'கோஃபுன்' என்று பெயர். ஒசாகாவுக்கு அருகே, சகாய் நகரிலுள்ள டைசென் மேட்டின் நீளம் 486 மீட்டர். மேலிருந்து பார்த்தால் சாவித் துவாரம் போலிருக்கும். ஒரு கட்டடக் கம்பெனி 1985இல் கணக்குப் போட்டது. நாளுக்கு 2,000 பேர் வரை பெரட்டுக்கு வந்து மண் சுமந்தாலும், முடிக்க 15 ஆண்டு 8 மாதம் ஆகுமாம்! உள்ளே கிடப்பவருக்குப் பேர் உண்டு, சுமந்தவர்களுக்கு இல்லை.

அத்தகைய மேடுகள் சிலவற்றில் சாம்பல் நிறக் கெட்டிப் பாண்டங்கள் கிடைத்தன. அதுவரை ஜப்பானியர் குறைந்த சூட்டில் செம்மண் பாண்டந்தான் சுட்டார்கள். 5ஆம் நூற்றாண்டில் கொரியாவிலிருந்து வந்த குயவர்கள், சரிவில் சூளை கட்டி, 1,000 டிகிரிக்கு மேல் சுடும் வித்தையைக் கொண்டுவந்தார்கள். இரும்பும், குதிரைச் சேணமும், பின்னர் புத்த மதமும் அதே கடல்வழியாகத்தான் வந்தன.

அப்படியானால் கொடுத்தவர் கொரியர், வாங்கியவர் ஜப்பானியர் என்பீர்கள். பொறுங்கள்! மூரியோங் மன்னரின் பெட்டி மரத்தைப் பின்னாளில் ஆராய்ந்தார்கள். அது 'கோயாமாக்கி' மரம். இயற்கையாக ஜப்பானில் மட்டுமே வளர்வது! கொரியாவின் யோங்சான் ஆற்றுப் பக்கமும் சாவித் துவார வடிவ மேடுகள் பத்துக்கு மேல் உள்ளன. போக்கும் இருந்தது, வரத்தும் இருந்தது.

1910 முதல் 1945 வரை ஜப்பான் கொரியாவை அடக்கி ஆண்டது. அந்த வடு இன்றும் ஆறவில்லை. யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்பதில்கூடச் சண்டைதான். அப்படியிருக்க, 2001இல் ஜப்பானியப் பேரரசர் அகிஹிதோ வாய் திறந்து ஒன்று சொன்னார். தம் முன்னோரான கம்மு பேரரசரின் தாய், மூரியோங் மன்னரின் வழிவந்தவர் என்று ஜப்பானியரின் பழைய வரலாற்று நூலே கூறுவதால், கொரியாவோடு தமக்கு ஓர் உறவு இருப்பதாக உணர்வதாகச் சொன்னார்.

பகையை மனிதன் நேற்று உண்டாக்கினான். உறவோ 1,400 ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. "அவன் வேறு, நாம் வேறு" என்று பிள்ளைகள் பேசும்போது, இந்தப் பெட்டியின் கதையைச் சொல்லுங்கள்.