டாலர் மதிப்பில் ஒரு வலைப்பதிவுக் காசு

ஹைவ் தளத்தில் வலைப்பதிவு எழுதுவோருக்கு ஹெச்.பி.டி. என்ற காசும் பரிசாகக் கிடைக்கும். ஒன்றின் மதிப்பு ஏறக்குறைய 1 டாலர். ஆனால் இதற்கு ஈடாக எந்த வங்கியிலும் டாலர் இல்லை. வாலட்டில் கன்வெர்ட் என்பதைக் கிளிக் செய்தால், மூன்றரை நாள் கழித்து, அந்நாட்களின் இடைநிலை விலைப்படி 1 டாலருக்கான ஹைவ் நாணயங்கள் தரப்படும். காசு அழிந்துவிடும்.

கிளிக் செய்தபின் ரத்து செய்ய முடியாது. எனவே நான் முதலில் சந்தை விலையைப் பார்ப்பேன். 1 டாலருக்குக் குறைவு என்றால் கன்வெர்ட். அதிகம் என்றால் விற்பனை. 2017 டிசம்பரில் முன்னோடியான ஸ்டீமின் எஸ்.பி.டி. 10 டாலரைத் தாண்டியது. அப்போதும் கன்வெர்ட் செய்தவருக்கு 1 டாலர் மதிப்புதான்! ஹைவ் விலை மிகவும் சரிந்தால் அந்த 1 டாலரும் குறையலாம். சேமிப்பு முழுவதையும் இதில் போடாதீர்கள்.