மணலுக்குள் மிதக்கும் நல்ல தண்ணீர்

மானாமதுரைப் பாலத்துக்கு அடியில் மணலாகக் கிடக்கும் வைகையைப் பார்த்திருப்பீர்கள். வருசநாட்டு மலையில் கிளம்பி 258 கிலோமீட்டர் வருகிற ஆறு. வழியெல்லாம் கண்மாய்களை நிரப்பி, கடைசியாக ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கும் கொடுத்து, மிச்சமிருந்தால்தான் ஆற்றங்கரை என்ற ஊரில் கடலைத் தொடும். பெரும்பாலும் மிச்சமிருக்காது.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, தேவிபட்டினம் வழியாக அந்த முகத்துவாரத்துக்குப் போய் ஒரு ராத்திரி தங்குவோம். பெரியவர்கள் கூட வருகிறார்கள், ஊர்க்காரர்களிடமும் கேட்டாயிற்று. கேஸ் அடுப்பு கிடையாது. தார்ப்பாயும் சுள்ளி அடுப்பும்தான். அவசரத்துக்கு ஒரு கேன் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும், ஆனால் அதைத் தொடக்கூடாது!

படுக்க இடம் பார்ப்பது எளிது. கரையில் காய்ந்த கடற்பாசி ஒரு கோடு போல ஒதுங்கிக் கிடக்கும். கடல் அதுவரை ஏறி வந்திருக்கிறது என்று அர்த்தம். அமாவாசை, பௌர்ணமியில் ஏற்றம் இன்னும் கூடும். அதனால் கோட்டுக்கு நன்றாக மேலே தள்ளிப் படுங்கள். வறண்ட ஆற்றுக்குள் மட்டும் படுக்கவே வேண்டாம். இங்கே தூறல்கூட இல்லாத ராத்திரியில், மேற்கே பெய்த மழை வந்து சேரும்.

குடிதண்ணீருக்கு என்ன செய்வது? முன்னால் கடல், பக்கத்தில் கடல் ஏறிய ஆறு, இரண்டும் உப்பு. ஆனால் கரையிலிருந்து உள்ளே தள்ளி, பனைமரம் நிற்கும் மணல்மேட்டின் பின்புறம், கையால் ஒரு குழி தோண்டுங்கள். முதலில் சூடான மணல், அப்புறம் ஈரமணல். கொஞ்ச நேரத்தில் குழியின் ஓரம் மினுமினுக்கும், அடியில் தண்ணீர் சுரக்கும். நல்ல தண்ணீர்! ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் காலங்காலமாக இப்படித்தான் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் குடம் நிறைக்கிறார்கள்.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அது எப்படி உப்பாகாமல் இருக்கிறது? மணலில் பெய்த மழை கீழே இறங்குகிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ. கடல்நீரோ அதைவிட 25 கிராம் கூட. எடை குறைந்தது மேலே மிதக்கும். அலை கலக்காதபடி மணல் தடுத்துவிடுகிறது.

ஒரு கணக்குப் போடுங்கள். 40 மீட்டர் உயரக் கடல்நீரின் எடை, 40 × 1.025, அதாவது 41 மீட்டர் நல்ல தண்ணீரின் எடை. ஆக, கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், மணலும் அவ்வளவு ஆழம் இருந்தால், கீழே 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர்தான். நெதர்லாந்தின் கைபன், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் என்ற இரு பொறியாளர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதி வைத்தார்கள்.

இதே கணக்கு திரும்பியும் அடிக்கும். மேல்மட்டம் ஒரு சாண் இறங்கினால், அடியிலிருக்கும் உப்புநீர் நாற்பது சாண் வரை ஏறப் பார்க்கும். மோட்டார் போட்டு உறிஞ்சிய கடலோரக் கிணறுகள் பல உப்பானது இப்படித்தான். சிரட்டையால் மொண்டு, ஊறக் காத்திருந்து, மறுபடி மொள்ளும் அந்தப் பெண்களின் வேலை மெதுவானதுதான். எனக்கென்னவோ, இரண்டு பொறியாளர்களையும்விட அவர்கள்தான் கெட்டிக்காரர்கள்.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்தான் அழகன்குளம் என்ற பழைய துறைமுக ஊர். தொல்லியல் துறை 1986-87இல் அங்கே தோண்டத் தொடங்கியது. ரோமானிய நாணயங்களும் கப்பல் படம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. நல்ல தண்ணீர் ஏற்றாமல் எந்தக் கப்பலும் கிளம்பியிருக்காது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதப்பதை வீட்டிலேயே பார்க்கலாம். அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி உப்பைக் கரையுங்கள். இன்னொரு டம்ளர் தண்ணீரில் கேசரிக்குப் போடும் கலரை அப்பத்தாவிடம் கேட்டு ஒரு சிட்டிகை கலக்குங்கள். உப்புநீரின் மேல் ஒரு கரண்டியைப் பிடித்து, அதன் மேல் கலர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், அது மேலே தனியாக நிற்கும். அவசரப்பட்டுக் கொட்டினால் கலந்துபோகும்.

முகத்துவாரத்துக்குப் போனவர்கள் ஊற்றுநீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். உப்பு இல்லை என்பதால் கிருமியும் இல்லை என்று ஆகாது. காலையில் கரித்தால், குழியை மூடிவிட்டுக் கடலிலிருந்து இன்னும் தள்ளித் தோண்டுங்கள்.