கூடப் போனவர்கள்

சீனத் தண்டனைகள் – 7

கி.மு. 174-இல் ஹான் பேரரசர் வென் தன் தம்பி லியு சாங்கைக் கொல்ல மனமில்லாமல், மேற்கே ஷூ மலைநாட்டுக்கு அனுப்பினார். சதி செய்ததாகக் குற்றச்சாட்டு. ஹுவாய்நான் பகுதிக்கே மன்னராக இருந்தவரை மூடு வண்டியில் ஏற்றி, கதவுக்கு முத்திரை வைத்தார்கள். வண்டி ஒவ்வொரு ஊராகக் கைமாறிப் போனது. முத்திரையை உடைத்துக் கதவைத் திறக்க எந்த ஊர் அதிகாரிக்கும் துணிவு வரவில்லை. கடைசியில் யோங் என்ற ஊரில் திறந்து பார்த்தபோது, சாப்பிட மறுத்த லியு சாங் உள்ளே பிணமாகக் கிடந்தார். அண்ணன் கதறி அழுதார். பிறகு, வண்டியைத் திறக்காத அதிகாரிகளுக்கெல்லாம் மரண தண்டனை விதித்தார்.

ஒருவருக்கு விதித்த தண்டனை ஒருவரோடு நிற்கவில்லை. சீனத்தில் தூரதேசத் தண்டனையின் வரலாறு நெடுகிலும் இதுதான் நடந்தது.

ஏழாம் நூற்றாண்டின் தாங் சட்டத் தொகுப்பு இதை வெளிப்படையாகவே எழுதிவைத்தது. மரண தண்டனைக்கு அடுத்த படி இந்தத் தண்டனைதான். குற்றத்துக்கு ஏற்ப 2,000 லி, 2,500 லி, 3,000 லி என மூன்று தூரங்கள். ஒரு லி ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். ஆணின் மனைவியும் துணைவியரும் கூடவே போயாக வேண்டும். உயர் அதிகாரிகளுக்கு மட்டும் வேறு வழி இருந்தது: தொலைவில் ஏதாவதொரு ஊருக்குப் பதவியிறக்கம். காகிதத்தில் அது உத்தியோக மாற்றம். அனுபவித்தவர்களுக்கு அது தண்டனையேதான்.

தாங் கால எழுத்தாளர் ஹான் யூ அதைச் சிறுவயதிலேயே அறிந்தவர். பெற்றோரை இழந்த அவரை வளர்த்த அண்ணன் ஹான் ஹுய், 777-இல் தெற்கே ஷாவ்ஜோவுக்கு அனுப்பப்பட்டார். பத்து வயதுக்குள் இருந்த தம்பியும் கூடப் போனார். அண்ணன் அங்கேயே இறந்துபோக, வடக்கே திரும்பிய அண்ணியின் கையில்தான் ஹான் யூ வளர்ந்தார். 819-இல் அவர் முறை வந்தது. புத்தரின் விரல் எலும்பு என்று சொல்லப்பட்ட ஒன்றைப் பேரரசர் சியென்சோங் அரண்மனைக்குள் கொண்டுவந்து வழிபட்டபோது, ஹான் யூ கண்டித்து மனு எழுதினார். கொல்லத் துடித்த பேரரசரை பெய் து உள்ளிட்ட அமைச்சர்கள் தடுத்தார்கள். தென்கடலோரச் சாவ்ஜோவுக்கு உடனே கிளம்பச் சொல்லி ஆணை வந்தது.

அவர் போனதும், குற்றவாளியின் குடும்பம் தலைநகரில் இருக்கக் கூடாது என்று அதிகாரிகள் வீட்டாரையும் விரட்டினார்கள். நான்காவது மகளுக்கு அப்போது 12 வயது, நோயில் படுத்திருந்தாள். அந்த நிலையிலேயே அவளைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் கிளம்ப வேண்டியதாயிற்று. வழியில் ஒரு தபால் சாவடியில் உயிர் போனது. பாதையோரக் குன்றின் அடியில் புதைத்துவிட்டு மற்றவர்கள் தெற்கே நடந்தார்கள். தலைநகரின் ஆளுநராக உயர்ந்த பிறகுதான், 823-இல், மகளின் எலும்புகளை ஹான் யூவால் குடும்ப இடுகாட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. சாவ்ஜோவில் முதலைகளை விரட்ட அவர் எழுதிய அறிக்கை புகழ்பெற்றது. மகளுக்கு எழுதிய கல்லறை வாசகம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எலும்பைப் பற்றிய மனுவுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.

அவருடைய நண்பர் லியு சோங்யுவான் 805-இல் தாயோடு யோங்ஜோ போனார். அடுத்த ஆண்டே தாய் இறந்தார். தண்டனையில் இருந்த மகனால் சவப்பெட்டியோடு சொந்த ஊருக்குப் போக முடியவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் தெற்கே லியுஜோவுக்கு அனுப்பியபோது, உடன் தண்டிக்கப்பட்ட லியு யூசிக்கு அதைவிடக் கடுமையான போஜோ கிடைத்தது. யூசியின் தாய்க்கு எண்பது வயதுக்கு மேல். அந்த அம்மாள் அந்தப் பாதையைத் தாங்கமாட்டார், எனக்கு அந்த ஊரைக் கொடுத்துவிடுங்கள் என்று சோங்யுவான் எழுதிக் கேட்டார். தாயைப் பறிகொடுத்தவருக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும். பெய் துவும் பேசிப் பார்த்ததில், யூசிக்குச் சற்று அருகே லியென்ஜோ என்று ஆணை மாறியது.

சோங் காலத்துக் கவிஞர் சூ ஷியை 1094-இல் ஹுய்ஜோவுக்கும், 1097-இல் கடல் தாண்டி ஹைனான் தீவுக்கும் அனுப்பினார்கள். ஹுய்ஜோவில் துணைவி சாவ்யுன் இறந்துவிட, அறுபது வயதுக்காரரோடு தீவுக்குப் போனது கடைசி மகன் சூ குவோ மட்டும். மனைவி மக்களைக் கரையில் விட்டுவிட்டு வந்த குவோ, கிழங்கில் தந்தைக்குக் கஞ்சி காய்ச்சினார். புத்தகமில்லாத ஊரில் வரலாற்று நூல்களைக் கையால் பிரதி எடுத்தார். அரசுக் கட்டடத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்த உள்ளூர் அதிகாரி ஜாங் சோங் வேலையை இழந்தார்.

அதே 1097-இல், கடலுக்கு இக்கரையில் லெய்ஜோவில், சூ ஷியின் தம்பி சூ ஜெ உள்ளூர்க்காரர் ஒருவரின் வீட்டை வாடகைக்கு எடுத்தார். வீட்டைப் பறித்துக்கொண்டார் என்று முதலமைச்சர் ஜாங் துன் வழக்குப் போட்டார். வீட்டுக்காரரைப் பிடித்து விசாரித்தார்கள். வாடகைச் சீட்டு தெளிவாக இருந்ததால் வழக்கு நிற்கவில்லை. பிறகு ஆட்சி மாறி, 1101-இல் அதே லெய்ஜோவுக்கு ஜாங் துன் அனுப்பப்பட்டார். வந்து வீடு கேட்டார். முன்பு சூ ஐயாவுக்குக் கொடுத்ததற்கே ஜாங் அமைச்சரால் எங்கள் குடும்பம் அழியப் பார்த்தது, இனி முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போது சூ ஷி மன்னிப்புப் பெற்று வடக்கே திரும்பிக்கொண்டிருந்தார். தன்னைத் தீவுக்குத் துரத்திய ஜாங் துன்னுக்கு லெய்ஜோ என்று கேள்விப்பட்டதும், அவருடைய உறவினர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அந்த ஊர் தூரம்தான், ஆனால் விஷக்காய்ச்சல் கிடையாது. என் தம்பி ஒரு வருடம் அங்கே நன்றாகவே இருந்தான். வீட்டில் உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லித் தேற்றுங்கள் என்பது அதன் சாரம். அந்த அம்மாள் ஜாங் துன்னின் சகோதரி.

(தொடரும்)