ஒட்டிய இமைமுடி: எத்தனை நாள் நிலைக்கும், எவ்வாறு பேணுவது?

திருமண மாதங்கள் வந்துவிட்டால் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு வகைக் கண் தொல்லை மிகுந்து காணப்படுகிறது. இமை விளிம்பு சிவந்து தடித்திருக்கும். முடிகளின் அடியில் பொடுகு போன்ற செதில் படிந்திருக்கும். காலையில் கண் பீளையால் ஒட்டிக்கொள்ளும். விசாரித்தால், சில வாரங்களுக்கு முன் அழகு நிலையத்தில் ‘ஐலாஷ் எக்ஸ்டென்ஷன்’ எனப்படும் ஒட்டு இமைமுடி வைத்துக்கொண்டது தெரியவரும். “தண்ணீர் பட்டால் உதிர்ந்துவிடுமாம், அதனால் அன்று முதல் கண்ணைக் கழுவவே இல்லை” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

இமைமுடி ஒட்டிக்கொள்வதா, வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். ஒட்டிக்கொண்டவர்கள் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் அதைப் பேணுவது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சுருங்கச் சொன்னால், முறையாக ஒட்டப்பட்ட முடிகள் ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்து மறையும். இரண்டு அல்லது மூன்று வாரங்களிலேயே இடைவெளிகள் தெரியத் தொடங்கும். பேணும் முறையில் முதன்மையானது, நாள்தோறும் கழுவுதல்.

ஏன் உதிர்கின்றன?

மேல் இமையில் ஏறக்குறைய நூறு முதல் நூற்றைம்பது முடிகள் உள்ளன. தலைமுடியைப் போலவே ஒவ்வோர் இமைமுடிக்கும் வளரும் பருவம், தேயும் பருவம், ஓய்வுப் பருவம் என மூன்று நிலைகள் உண்டு. வளரும் பருவம் ஓரிரு மாதங்களே நீடிக்கும். ஓய்வுப் பருவத்தின் முடிவில் பழைய முடி விழ, அதே இடத்தில் புதியது முளைக்கும். எல்லா முடிகளும் ஒரே நேரத்தில் விழுவதில்லை. நாளொன்றுக்கு ஓரிரண்டு முதல் ஐந்து வரை உதிர்வது இயல்பு.

ஒட்டு முடி தோலில் ஒட்டப்படுவதில்லை. ஒவ்வோர் இயற்கை முடியின் மீதும், இமை விளிம்பிலிருந்து சிறிது தள்ளி ஒட்டப்படுகிறது. ஆகவே இயற்கை முடி விழும்போது ஒட்டியதும் உடன் விழும். பசை எவ்வளவு வலியதாயினும் இதைத் தடுக்க இயலாது. ‘மூன்று மாதம் அப்படியே நிற்கும்’ என்று எவரேனும் உறுதி கூறினால் அது உடலின் இயல்புக்குப் பொருந்தாத வாக்குறுதி என்று கொள்ளலாம்.

முதல் நாளும் அதன் பின்பும்

இதற்குப் பயன்படும் பசை சயனோஅக்ரிலேட் வகையைச் சேர்ந்தது. வீட்டில் உடைந்த பொருள்களை நொடியில் ஒட்டும் பசையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. பசை முழுமையாக இறுகும் வரை, அதாவது முதல் 24 மணி நேரம், ஈரம், நீராவி, அடுப்பு வெப்பம் ஆகியவற்றைத் தவிர்க்குமாறு நிலையங்கள் அறிவுறுத்துவது வழக்கம். அந்த அறிவுரை அந்த ஒரு நாளுக்கே உரியது. அதை வாரக்கணக்கில் நீட்டித்துக்கொள்வதே தொல்லையின் தொடக்கம்.

இமை விளிம்பில் கண்ணீர் விரைவில் உலராமல் காக்கும் எண்ணெயைச் சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் வரிசையாக அமைந்துள்ளன. வியர்வை, தூசி, ஒப்பனைத் துகள், இறந்த தோல் ஆகியவை முடிகளின் அடியில் தங்கினால் இச்சுரப்பிகளின் வாய் அடைபடும், கிருமிகளும் பெருகும். இமை விளிம்பு அழற்சி, கண்கட்டி, கண் உலர்வு ஆகியவை இதனால் விளையக்கூடும். அழற்சியுற்ற இமையிலிருந்து முடியும் விரைவில் உதிரும். எனவே கழுவாமல் காப்பாற்ற நினைப்பவருக்கு முடியும் நிலைப்பதில்லை, கண்ணும் நலமாய் இருப்பதில்லை.

கழுவும் முறை

1. முதலில் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.
2. இமை கழுவுவதற்கென்றே விற்கப்படும், எண்ணெய் கலவாத நுரையைச் சிறிது எடுத்துக்கொள்ளுங்கள்.
3. கண்ணை மூடி, மெல்லிய தூரிகையாலோ விரல் நுனியாலோ முடிகளின் அடிப்பகுதியை மென்மையாகத் தடவுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம்.
4. தூய நீரை மெல்ல ஊற்றி அலசுங்கள்.
5. மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். பஞ்சைத் தவிர்ப்பது நல்லது; அதன் இழைகள் முடிகளில் சிக்கும்.
6. உலர்ந்தபின் சிறு தூரிகையால் முடிகளை மேல்நோக்கி ஒழுங்குபடுத்துங்கள்.

நாளுக்கு ஒரு முறையேனும் இதைச் செய்ய வேண்டும். குப்புறப் படுத்து உறங்குதல், கண்ணைக் கசக்குதல், நீர் புகாத மை தீட்டுதல் ஆகியவை முடிகளின் ஆயுளைக் குறைக்கும். எண்ணெய்க் குளியலும் எண்ணெய் சார்ந்த ஒப்பனை நீக்கிகளும் பசையை நெகிழ்த்தும்.

இங்கே ஒன்றை அழுத்தமாகக் கூற விரும்புகிறோம். கண்ணுக்கு மருத்துவர் களிம்பு எழுதியிருந்தால், ‘பசை கரைந்துவிடும்’ என்று அஞ்சி அதை நிறுத்தக்கூடாது. வெந்நீர் ஒத்தடமும் அப்படியே. முடி போனால் மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம்.

நீளமும் எடையும்

2015ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 22 வகைப் பாலூட்டிகளின் இமைமுடிகளை அளந்தனர். கண்ணின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீளம் இருக்கும்போதே இமைமுடி தூசியையும் கண் உலர்வையும் நன்கு தடுக்கிறது என்று கண்டனர். அதைவிட நீண்டால் அது காற்றைக் கண்ணை நோக்கித் திருப்பி விடுகிறது. ஏற்கெனவே கண் உலர்வு உள்ளவர்களும், குளிர்சாதன அறையில் கணினி முன் நெடுநேரம் அமர்பவர்களும் மிக நீண்ட முடிகளைத் தவிர்ப்பது நன்று. எடை மிகுந்த முடிகள் வேரை இழுத்து இயற்கை முடியை நலிவுறச் செய்யும். தொடர்ந்து ஒட்டிக்கொள்பவர்களுக்கு முடி நிலையாகவே குறையவும் கூடும். ஒருமுறை நீக்கியபின் சில வாரங்கள் இடைவெளி விடுங்கள்.

நீக்குவதை வீட்டில் செய்யாதீர்கள். பிடுங்கினால் இயற்கை முடியும் வேரோடு வரும். பசையைக் கரைக்கும் நீர்மம் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். பயிற்சி பெற்றவரிடமே நீக்கிக்கொள்ளுங்கள்.

எங்களிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள்

*கண் அறுவை சிகிச்சை:* கண்புரை அறுவைக்கு முன் இமைகளும் முடிகளின் அடிப்பகுதியும் கிருமிநாசினியால் தூய்மை செய்யப்பட வேண்டும். ஒட்டு முடிகள் அதற்குத் தடையாகும். மகன் அல்லது மகளின் திருமணத்தை ஒட்டி அறுவைக்கு நாள் குறித்துள்ள தாய்மார்கள், முடி ஒட்டிக்கொள்வதற்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். அறுவைக்குப் பின்னும் அவர் இசைவு தந்த பிறகே ஒட்டிக்கொள்ளலாம்.

*எம்.ஆர்.ஐ. பரிசோதனை:* காந்தத்தால் ஒட்டும் இமைமுடிகளையும் கண் ஒப்பனையையும் பரிசோதனைக்கு முன் கட்டாயம் நீக்க வேண்டும்.

*புற்றுநோய் மருந்துச் சிகிச்சை:* சிகிச்சையால் இமைமுடி உதிர்ந்து, புதிதாக முளைப்பவை மென்மையானவை; ஒட்டு முடியின் எடையைத் தாங்கா. அவை வலுப்பெறும் வரை காத்திருங்கள்.

*கண் நீர் அழுத்த நோய்:* கிளாக்கோமாவுக்குத் தரப்படும் சில சொட்டு மருந்துகளால் இமைமுடிகள் தாமே நீண்டு தடிக்கும். அச்சொட்டு மருந்துகளை அழகுக்காகப் பிறருடன் பகிர்ந்துகொள்ளாதீர்கள்.

எப்போது உடனே வர வேண்டும்?

ஜப்பானியக் கண் மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒட்டு இமைமுடியால் கண் பாதிப்புற்ற 107 பேர் ஆராயப்பட்டனர். அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டவை கருவிழி அழற்சியும் இமை ஒவ்வாமையும். ஆராயப்பட்ட பசைகளில் ஃபார்மால்டிஹைடு இருந்தது. இத்தகைய ஒவ்வாமை முதல் முறையிலேயே தோன்ற வேண்டும் என்பதில்லை. பலமுறை ஒட்டிக்கொண்ட பின்னும் திடீரென வரலாம்.

கண் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம், இமை வீக்கம், மஞ்சள் நிறப் பீளை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே வாருங்கள். பசை கண்ணில் பட்டுவிட்டால் தூய நீரால் தொடர்ந்து கழுவுங்கள். இமைகள் ஒட்டிக்கொண்டால் வலிந்து பிரிக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். தொடுவில்லை அணிபவர்கள் கண் சிவந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள்.

வீட்டிலுள்ளோருக்கும் ஒரு வேண்டுகோள். பசைக் குப்பி சிறிதாக இருப்பதால், கண் மருந்தென்று எண்ணி அதைக் கண்ணில் விட்டுக்கொண்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. பார்வை மங்கிய முதியோர் உள்ள வீட்டில் இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

முகூர்த்தம் முடிந்து சில வாரங்களில் அம்முடிகள் உதிர்ந்துவிடும். அதுவரை நாள்தோறும் கழுவுங்கள்; ஐயமிருந்தால் தயங்காமல் கேளுங்கள். ஒப்பனை செய்துகொண்டதற்காக இங்கு எவரும் உங்களைக் கடிந்துகொள்ளமாட்டோம்.